பொறிப்போரும் புதியோரும்

விளையாட்டென்றால் வெற்றியும் தோல்வியும் இருக்கவே செய்யும். தோற்றவன் அதனைக் குறையெனக் கொள்வதில்லை. ஆயின் களம் புகுமுன்னரே தோல்வி தீர்மானிக்கப்பட்டிருப்பின் அதனை விளையாட்டு எனக் கூறுதல் பொருந்துமா? இணையவழி நிகழும் 'மெக்' விளையாட்டுகளை நோக்கி இன்று எழுப்பப்பட வேண்டிய வினா இதுவேயாகும்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையே அமைந்துள்ளது சாம்பல்தீவு. அவ்வூர் இளைஞன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் 'வோர் றோபோட்ஸ்' விளையாட்டை முதன்முதலாகத் திறக்கின்றான் எனக் கொள்வோம். 2014இல் வெளிவந்த இவ்விளையாட்டிலே அணிக்கு அறுவராக இராட்சதப் போர்ப்பொறிகளைச் செலுத்திப் பொருதுவர். பொறியையும் அதன் படைக்கலத்தையும் பன்னிரண்டாம் படிவரை உயர்த்தலாம். உயர்த்துவதற்கு விளையாட்டு நாணயமும் காத்திருப்பும் வேண்டும். கைப்பணம் செலவிடுவோனுக்குக் காத்திருப்புக் குறையும்.

படி ஒவ்வொன்றும் வலுவை நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டுகின்றதென எடுத்துக்காட்டாகக் கொள்க. சிறிய வேறுபாடாகவே அது தோன்றும். ஆனால் பதினொரு உயர்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகித் தாக்குவலுவை ஏறத்தாழ 2.85 மடங்காக்கிவிடும். கவசமும் அவ்வாறே உயருமாயின், பழையவன் புதியவனை வீழ்த்த எடுக்கும் நேரத்தைப் போல் எட்டு மடங்கு நேரம் புதியவனுக்குப் பழையவனை வீழ்த்தத் தேவைப்படும். குறிபார்க்கும் திறனோ, மறைவிடம் தேடும் மதிநுட்பமோ இவ்விடைவெளியை நிரப்புதல் அரிது.

இதற்கு மறுப்புரைப்போர் மூன்று நியாயங்களைக் கூறுவர். உழைத்தவனுக்கே பயன் உரியது என்பது முதலாவது. உழைப்பு மதிக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழக்கத்தால் வரும் கைத்திறனே உழைப்பின் முதற்பயன். அதற்கு மேலும் பன்மடங்கு கவசத்தை அளிப்பது ஒரே உழைப்புக்கு இருமுறை கூலி கொடுப்பதாகும். அன்றியும், காத்திருப்பை விலைகொடுத்துக் குறைக்கலாமெனில் அங்கே பேசப்படுவது உழைப்பா, பணமா?

புதியோருக்கு அன்பளிப்புகள் வழங்கினாற் போதும் என்பது இரண்டாவது நியாயம். 2013இல் வெளிவந்த 'மெக்வோரியர் ஒன்லைன்' முதல் 25 ஆட்டங்களுக்குப் புதியோருக்கு மிகையான நாணயம் வழங்கியது. நல்லதோர் ஏற்பாடுதான். எனினும் நாணயம் வாங்கும் ஆற்றலைத் தருமேயன்றிக் களத்தைச் சமப்படுத்தாது. 2017இல் அவ்விளையாட்டிலே பொறி ஒவ்வொன்றுக்கும் 91 திறன்புள்ளிகள் வரை சேர்க்கும் முறை புகுத்தப்பட்டது. இருபத்தாறாவது ஆட்டத்தில் அன்பளிப்பு நின்றுவிடும். புள்ளி நிறைந்த எதிரியோ அங்கேயே நிற்பான்.

ஒத்த வலுவுடையோரை ஒரே களத்தில் இறக்கினால் குறை தீரும் என்பது மூன்றாவது. ஓரளவுக்கு இது உண்மையே. ஆயினும் ஆடுவோர் தொகை குன்றும் வேளையில் எத்துணை நுட்பமான பிரிப்பும் பயனற்றுப் போகும். வேண்டுமென்றே தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, ஆங்குள்ள இளையோரை வேட்டையாடி மகிழ்வோரும் உளர். வேலி போடுவதால் மட்டும் ஓநாய்கள் ஆடுகளாகிவிடுவதில்லை.

அவ்வாறாயின் உயர்வே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது வலுவின் உயர்வாக அன்றித் தெரிவின் விரிவாக அமைதல் வேண்டும். இதற்கு முன்மாதிரி இவ்வகை விளையாட்டின் மூலத்திலேயே உண்டு. 1984இல் அமெரிக்காவில் பலகை விளையாட்டாகத் தோன்றிய 'பற்றில்ரெக்'கில் பெரிய பீரங்கியைப் பூட்டுவோன் கவசத்தின் எடையைக் குறைக்க நேரிடும். கதிர்க்கலத்தை ஓயாது சுடுவோனின் பொறி வெப்பத்தால் முடங்கும். அங்கே ஒன்றைப் பெறுவோன் பிறிதொன்றை இழக்கின்றான். சமநிலை என்பதன் பொருள் இதுவே. பழையவனிடம் பத்துப் பொறிகள் இருக்கட்டும். வண்ணங்களும் விருதுகளும் இருக்கட்டும். களத்தில் இறக்கும் பொறியொன்று புதியவனின் பொறிக்கு ஈடானதாக இருத்தல் வேண்டும்.

இது நடவாத கனவென்பார்க்கு ஒரு சான்று கூறலாம். 2017இல் 'ஸ்ரார் வோர்ஸ் பற்றில்புறொன்ற் 2' என்னும் விளையாட்டு வலுவைத் தரும் பெட்டிகளைப் பணத்துக்கு விற்க முற்பட்டது. ஆடுவோரின் எதிர்ப்பு மூளவே, முறையான வெளியீட்டுக்கு முன்னரே அவ்விற்பனை நிறுத்தப்பட்டது. 2018இல் வலு ஆட்டத்தாற் பெறப்படுவதாகவும், பணம் தோற்றத்துக்கு மட்டுமே உரியதாகவும் மாற்றியமைக்கப்பட்டன. எதிர்த்துக் கேட்டதனாலேயே அம்மாற்றம் நிகழ்ந்தது.

கரையோர மக்களுக்கு இந்நீதி புதிதன்று. கரைவலை இழுப்போரிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. வலைகள் பலவாயினும் இழுக்கும் துறை ஒன்றாயின், முறைவைத்தே வலை வளைப்பர். நெடுநாள் தொழில் செய்தவனென்று ஒருவன் அடுத்தவனின் முறையைக் கவர்ந்துகொள்ள முடியாது. மீன்படுவது கடலின் செயல். முறை தருவது மனிதரின் செயல். சாம்பல்தீவு இளைஞன் கேட்பதும் அம்முறையையேயன்றி வெற்றியை அன்று. அவன் தோற்கட்டும், தன் பிழையாலே தோற்கட்டும். அப்போதுதான் நாளை மீண்டும் களத்துக்கு வருவான்.