ஈட்டி யார் கையில் இருந்தது?

ஆத்தாஸ் ஏன் செத்தது என்று கேட்டால் ரோல்-பிளேயிங் ஆட்டக்காரர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். மூத்தவர்கள் கணக்கு சொல்வார்கள்: 1990களில் டிஎஸ்ஆர் நிறுவனம் ஒரே ஆட்டத்துக்கு வரிசையாக உலகங்களை அச்சடித்துத் தள்ளியது, வாங்குகிற கூட்டம் சிதறியது, 1997இல் கம்பெனியே கைமாறியது, அதோடு ஆத்தாஸும் போயிற்று. இளையவர்கள் அரசியல் சொல்வார்கள்: அது அடிமைமுறை நிரம்பிய உலகம், இன்றைய கம்பெனிக்கு அதைத் தொடப் பயம். இரண்டையும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிணத்தைப் பார்க்காமலே எழுதிய போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன். ஆத்தாஸைக் கொன்றவர்கள் அதைப் பெற்றவர்களே. அதுவும் பிறந்த அதே வருடத்தில்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். உலகத்தைப் பேசுவது, வானிலையிலிருந்து வில்லன்வரை எல்லாமாக நிற்பது அவர் வேலை. கதையை யாரும் முன்கூட்டி எழுதிவைத்திருப்பதில்லை. பாத்திரங்கள் எடுக்கிற முடிவும் பகடையும் சேர்ந்துதான் கதை. இதற்குக் களமாக ஓர் உலகத்தை எழுதி விற்பார்கள். வரைபடம், ஊர்கள், அரசர்கள், தெய்வங்கள் எல்லாம் அதில் இருக்கும். அப்படி 1991இல் பெட்டியில் வந்த உலகம்தான் டார்க் சன். டிமோதி பிரவுனும் ட்ராய் டென்னிங்கும் எழுதியது, பிராம் என்ற ஓவியர் முகம் கொடுத்தது. அந்த உலகின் பெயர் ஆத்தாஸ்.

அதுவரை வந்த டி&டி உலகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய இடைக்காலத்தின் பச்சைப் புல்வெளிகள். ஆத்தாஸில் புல்லே அரிது. தெய்வங்கள் இல்லை. உலோகம் கிடையாதென்றே சொல்லலாம். எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் ஆயுதம், நாணயம் சுட்ட மண். கடல் இருக்கிறது, ஆனால் தண்ணீருக்குப் பதில் புழுதி. இப்படி ஆனதற்குக் காரணம் மந்திரம். மந்திரம் போட வேண்டுமென்றால் சுற்றியிருக்கிற செடிகொடிகளின் உயிரை உறிஞ்ச வேண்டும். நிதானமாக எடுத்தால் மண் தாங்கும். அவசரத்துக்கு இழுத்தால் காலடி மண் சாம்பலாகிவிடும், அங்கே பிறகு எதுவும் முளைக்காது. ஏழு நகர அரசுகள், ஏழிலும் சாகாவரம் வாங்கியது போன்ற சூனிய அரசர்கள். ஒரே ஒரு டிராகன். ஒவ்வொரு நகரமும் வருடத்துக்கு ஆயிரம் அடிமைகளை அதற்குக் கப்பம் கட்டுகிறது. சாவு அடிக்கடி வரும் என்பதால் ஆளுக்கு நான்கு பாத்திரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னது விதிப்புத்தகம்.

இந்த உலகம் ஆட வருகிறவனிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறது: இதை மாற்ற உனக்குச் சக்தி வேண்டும், சக்தி வேண்டுமென்றால் மிச்சமிருப்பதை நீயும் எரிக்க வேண்டும், எவ்வளவு எரிப்பாய்? கதைப்புத்தகம் இதற்குப் பதில் சொன்னால் அது ஒரு பதில். மேசையில் நாம் சொன்னால் ஒவ்வொரு வீட்டிலும் வேறு பதில். அதற்குத்தான் இந்த ஆட்டமே.

அதே 1991இல் டிஎஸ்ஆர் இரண்டு காரியம் செய்தது. டென்னிங் எழுதிய 'தி வெர்டன்ட் பாசேஜ்' நாவலை வெளியிட்டது. டைர் நகரத்தின் அரசன் கலாக், குடிமக்களின் உயிரை மொத்தமாக உறிஞ்சித் தானும் டிராகனாக ஒரு மாபெரும் கோபுரம் கட்டுகிறான். ரிக்கஸ் என்ற கிளாடியேட்டர் அடிமை மந்திர ஈட்டியை எறிகிறான், கூட்டாளிகள் சேர்ந்து கலாக்கை முடிக்கிறார்கள். நல்ல விறுவிறுப்பான கதை, குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது, இந்த உலகத்துக்கான முதல் சாகச நூல், 'ஃப்ரீடம்'. இதில் ஆடுகிறவர்களே அடிமைகள். கோபுரத்துக்குக் கல் சுமக்கிறார்கள். கடைசி நாளில் அரங்கத்தில் நிற்கிறார்கள். ஈட்டி பறக்கிறது. எறிந்தது ரிக்கஸ். நம் பாத்திரங்களின் வேலை நெரிசலில் மிதிபடாமல் வெளியே வருவது.

கல் சுமந்தவன் நான், ஈட்டி நாவல்காரன் கையில்!

நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஆடியிருக்கிறோம். ஆறு வாரம் அடிமைக் கொட்டடியில் கிடந்து, ஒருத்தன் பாத்திரம் வெயிலில் செத்து, அரங்கத்துக்கு வந்து சேர்ந்தோம். ஈட்டி பறந்ததும் ஒரு நண்பன் பகடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அப்போ நாம எதுக்குடா வந்தோம்?" எந்தக் கணக்கறிக்கையை விடவும் சரியான விமர்சனம் அது. ஓர் உலகம் மங்க ஆரம்பிப்பது மேசையில் இந்தக் கேள்வி விழுகிற நொடியில்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். நாவல் வரிசை ஐந்து புத்தகம் ஓடியது. 1993இல் வந்த கடைசி நூலில் அந்த ஒரே டிராகனையும் கொன்றாயிற்று. 1995இல் திருத்திய பெட்டி வந்தபோது நாவல்களில் நடந்ததெல்லாம் அதிகாரபூர்வ வரலாறு. ஏழு நகரங்களில் டைர், ராம், டிராஜ், பாலிக் ஆகிய நான்கில் சூனிய அரசன் இல்லை. உலகம் எப்படிப் பாழானது என்ற மர்மத்துக்கும் யுகம் யுகமாக விளக்கம் கொடுத்து, பழியை ராஜாட் என்ற ஒற்றை ஆள் தலையில் கட்டினார்கள். வில்லன்களைக் கொன்று, மர்மத்தை அவிழ்த்து, மிச்சத்தை நம் கையில் கொடுத்து 'ஆடுங்கள்' என்றார்கள். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது பத்திரிகை வைத்த மாதிரி. அடுத்த ஆண்டோடு வரிசையே நின்றுவிட்டது.

"அதெல்லாம் இல்லை, கடைதான் நஷ்டம்" என்பவர்களுக்கு: கடை நஷ்டம்தான். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ரேவன்லாஃப்ட், ஸ்பெல்ஜாமர், அல்-காதிம், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று சில வருட இடைவெளிக்குள் தனக்குத்தானே போட்டியை உண்டாக்கிக்கொண்ட கம்பெனி அது. ஆனால் ஒரு வரிசையை ஏன் அச்சடிக்காமல் விட்டார்கள் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு பதில். பழைய பெட்டியை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஆடலாம். கம்பெனி அனுமதி தேவையில்லை. அந்த ஆசையைக் கொன்றது எது என்பதுதான் என் கேள்வி.

இது ஆத்தாஸுக்கு மட்டும் நடந்ததில்லை. பிளேன்ஸ்கேப் 1994இல் வந்தது. அதன் மையம் சிகில் என்ற நகரம். அங்கே பதினைந்து கட்சிகள், ஒவ்வொன்றும் ஒரு தத்துவம், சண்டை கருத்துக்காக. 1998இல் 'ஃபாக்‌ஷன் வார்' என்ற நூலில் கட்சிகளையெல்லாம் நகரத்தைவிட்டுத் துரத்தினார்கள். சிகிலிலிருந்து கட்சிகளை எடுத்தால் மிஞ்சுவது வளைந்த தெருக்கள். 2023இல் பிளேன்ஸ்கேப்பை மறுபடி கொண்டுவந்தபோது கட்சிகள் சிகிலுக்குள் திரும்பியிருந்தன. வேறு வழி?

எதிர்ப்பக்கம் எபெரான் இருக்கிறது. 2002இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நடத்திய தேடலில் பதினோராயிரம் போல விண்ணப்பங்கள் வந்தன. அதில் தேர்வான கீத் பேக்கரின் உலகம் 2004இல் புத்தகமானது. அதன் காலண்டரில் ஆட்டம் தொடங்குவது 998ஆம் ஆண்டு. 2004இல் 998. அடுத்த பதிப்பில் 998. அதற்கடுத்த பதிப்பிலும் 998. சயர் என்ற தேசம் ஒரே நாளில் அழிந்தது. ஏன் என்று எந்த அதிகாரபூர்வப் புத்தகமும் முடிவாகச் சொல்லவில்லை. நாவல்கள் இங்கும் உண்டு, ஆனால் அவை ஆட்டத்தைக் கட்டுப்படுத்தாது. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆயிரம் பேர் தங்கள் புரோகிராமை ஒரு லைப்ரரியின் மேல் கட்டியிருக்கும்போது அதன் அடித்தளத்தை மாற்றி அப்டேட் விடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். எபெரானுக்குப் புரிந்தது அதுதான். ஒவ்வொரு மேசையும் ஒரு தனி வரலாறு. தலைமையகம் அதில் கை வைக்கவில்லை.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் தெய்வங்களே செத்து மாறினார்களே, அது எப்படி உயிரோடிருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம். அது ஒற்றைக் கேள்வியில் நிற்காத, கண்டம் அளவு பெரிய உலகம்; ஒரு மூலையை உடைத்தால் இன்னொரு மூலையில் ஆடலாம். அங்கேயும் 2008இல் நூறு வருடம் தாண்டிக் குதித்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டபோது ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அடுத்த பதிப்பில் பெரும்பகுதியைப் பழையபடி ஒட்டவைத்தார்கள்.

இனி அரசியல். டி&டி ஸ்டூடியோவின் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த கைல் பிரிங்க் 2023இல் ஒரு நேர்காணலில், டார்க் சன் பலவிதத்தில் பிரச்சினைக்குரியது, திரும்பாததற்கு முக்கியக் காரணம் அதுதான் என்ற பொருளில் பேசினார். உடனே ஒரு கூட்டம் 'எங்கள் குழந்தைப் பருவத்தைத் திருடுகிறார்கள்' என்று கிளம்பியது. இரு தரப்பும் அடிமைமுறையைக் காட்டலாமா என்பதோடு நின்றுவிட்டார்கள். காட்டலாம். கவனமாகக் காட்ட வேண்டும், 1991இன் சில பக்கங்களை இன்று அப்படியே அச்சிட முடியாது. ஆனால் யார் விடுதலை செய்வது என்பதல்லவா பெரிய கேள்வி? அடிமையின் பாத்திரத்தை என்னிடம் கொடுத்து, விடுதலையை மட்டும் வேறொருவன் பெயரில் பதிவுசெய்த புத்தகம் 'ஃப்ரீடம்'. அதன் அரசியல் கோளாறு அங்கே இருக்கிறது. இதைப் பற்றி இரண்டு தரப்பிலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நான் சொல்வதற்குக் கம்பெனியே சாட்சி. 2010இல் நான்காம் பதிப்புக்காக ஆத்தாஸை மறுபடி எழுதியபோது காலத்தைக் கலாக் செத்த கையோடு நிறுத்தினார்கள். டிராகன் உயிரோடு, மற்ற ஆறு அரசர்களும் அவரவர் சிம்மாசனத்தில். பிந்தைய நான்கு நாவல்களையும் 1995 பெட்டியையும் ஓசைப்படாமல் ஓரங்கட்டிவிட்டார்கள். அந்தப் பதிப்பே சில வருடங்களில் போய்விட்டதால் பெரிய பலன் இல்லை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு பத்து வருடம் ஓடியும் ஆத்தாஸுக்குத் தனிப் புத்தகம் வரவில்லை.

என்றாவது வரும். வந்தால் நான் கேட்பது இன்னும் ஒரே ஒரு நாள் பின்னால் போக வேண்டும் என்பதுதான். கோபுரத்தில் கடைசி வரிசைக் கல் பாக்கி இருக்கட்டும். கலாக் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். ரிக்கஸ் இருந்துவிட்டுப் போகட்டும், கொட்டடியில் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிற இன்னொரு கைதியாக. ஈட்டியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். யார் எடுப்பது, எடுக்கவே வேண்டுமா, எடுத்தால் எத்தனை ஏக்கர் சாம்பலாகும் என்பதை அந்த ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள்.