ஜன்னலை மூடினால் வேலை நிற்குமா?

'பணம் செலுத்தப்படுகிறது. பக்கத்தை மூடாதீர்கள்.' இணையத்தில் டிக்கெட் வாங்கும் எவரும் இந்த எச்சரிக்கையை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் மின்சாரம் போகும். கணக்கில் பணம் குறைந்திருக்கும், டிக்கெட் வந்திருக்காது.

எச்சரிக்கை என்னவோ வாடிக்கையாளருக்கு. குறை புரோகிராம் எழுதியவருடையது. 'பணம் வந்துவிட்டது' என்ற வங்கியின் செய்தி, வாடிக்கையாளரின் பிரௌசர் வழியாக மட்டுமே விற்பவரின் சர்வருக்குப் போகும்படி அவர் வைத்திருப்பார். தூதுவன் நடுவழியில் மறைந்தால் ஓலை எப்படிப் போய்ச் சேரும்? வங்கியின் சர்வர் விற்பவரின் சர்வரிடம் நேரடியாகவும் சொல்லிவிடுவதுதான் முறை.

பிரௌசர் மூடப்பட்டது சர்வருக்குத் தெரிந்துவிடும் என்று நம்புவதும் வீண். எச்டிடிபி விதிப்படி ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. பதில் போனதும் கணக்குத் தீர்ந்தது. மூடும் தறுவாயில் சிறு குறிப்பு அனுப்ப 'சென்ட்பீக்கன்' என்ற வசதி இருக்கிறது. ஆனால் மொபைல் ஃபோன் இடம் போதாமல் பிரௌசரைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால், அந்தக் குறிப்பும் கிளம்பாது.

பிழைக்கும் வழியை லாண்டரிக் கடையில் பார்க்கலாம். துணியை வாங்கிக்கொண்டு சீட்டு தருகிறார்கள். துவைத்து முடிக்கும்வரை யாரையும் நிற்க வைப்பதில்லை. பல்லாயிரம் ஊழியர்களுக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் தளமும் அப்படித்தான் செய்ய வேண்டும்: கோரிக்கையைத் தரவுத்தளத்தில் எழுதி, ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். வரிசையில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க சர்வரில் தனி புரோகிராம் ஓடும். வாடிக்கையாளர் மறுநாள் வேறு கம்ப்யூட்டரில் வந்தும் நிலவரம் கேட்கலாம்.

பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று. பதற்றத்தில் இருப்பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தத்தான் செய்வார். பக்கம் திறக்கும்போதே எண்ணைக் கொடுத்துவிட்டால், அதே எண்ணோடு இரண்டாவதாக வரும் கோரிக்கையைச் சர்வர் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும். இல்லையேல் பணம் இரண்டு முறை போகும்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது. இணையத்தில் கார்டு மூலம் வாங்கும்போது பணம் கழிக்கப்பட்டு, விற்பவருக்கு உறுதி போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பணம் வந்துவிடும், சரி. அந்தத் தத்கல் இருக்கையில் அதற்குள் வேறொருவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.