முதல் பழைய புல்லட்: காஸ்ட் அயர்னா, யூசிஇ-யா?

"சார், பழைய புல்லட் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். காஸ்ட் அயர்ன்தான் ஒரிஜினல்னு சொல்றாங்களே, எடுக்கட்டுமா?" வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன பசங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஆடிட்டர்கிட்ட கேட்கிற கேள்வியான்னு நினைக்காதீங்க, பாதிக்கு மேல இது பணக் கணக்குதான்.

என் கருத்து இதுதான். தினமும் ஆபீஸ் போக உங்களுக்கு இருக்கப் போற ஒரே வண்டி இதுன்னா, யூசிஇ 350 எடுங்க. காஸ்ட் அயர்ன் ஆசை தப்பில்ல. ஆனா அது ரெண்டாவது வண்டியா, கடன் வாங்காம வாங்க வேண்டியது.

ரெண்டுமே 346 சிசிதான். காஸ்ட் அயர்ன்ல இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. பாயிண்ட், டேப்பட் எல்லாம் அப்பப்போ கைவைச்சு சரி பண்ணிக்கிட்டே இருக்கணும். பழைய மாடல்கள்ல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. அவசரத்துல பழக்க தோஷத்துல வலது காலை அழுத்தினா வண்டி நிக்காது. 2009 வாக்குல வந்த யூசிஇ-ல இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள. ஹைட்ராலிக் டேப்பட், அதை அட்ஜஸ்ட் பண்ற வேலையே கிடையாது.

இப்ப காகிதத்துக்கு வருவோம். காஸ்ட் அயர்ன் தயாரிப்பு 2010 வாக்குலயே முடிஞ்சு போச்சு. அதனால இன்னைக்கு விற்பனைக்கு வர்றது எல்லாமே கிட்டத்தட்ட 15 வருஷம் தாண்டினது. ஆர்சியை 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ-ல வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. 20 வருஷம் தாண்டினா புதுப்பிப்புக் கட்டணமே 2,000 ரூபாய்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க.

இதைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். இவ்வளவு வயசான வண்டிக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் கிடைக்கும். 1.20 லட்சம் கொடுத்து வாங்கின வண்டி திருடு போனா, மொத்தமும் உங்க நஷ்டம். வண்டி லோனும் சுலபமா கிடைக்காது. உடனே பர்சனல் லோன் பக்கம் போவாங்க. ஒரு லட்சம், 16 சதவீதம், ரெண்டு வருஷம்னு வச்சுக்கோங்க: இஎம்ஐ சுமார் 4,900 ரூபாய், வட்டி மட்டும் 17,500. வண்டி மெக்கானிக் ஷெட்ல நின்னாலும் இஎம்ஐ நிக்காது, அந்த மாசம் கேப் செலவு வேற தனி.

அப்போ கிளாசிக் 500? அதுவும் யூசிஇ குடும்பம்தான், இழுவை ஜோரா இருக்கும். ஆனா 350 சிசி தாண்டினா தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1,366-ல இருந்து 2,804 ஆகுது (2022 ஜூன்ல வந்த கட்டணம்). ஜிஎஸ்டி சேர்த்தா வருஷத்துக்கு சுமார் 1,700 ரூபாய் கூடுதல். 2020-லயே இந்த வண்டியை நிறுத்திட்டாங்க, அதனால அதுக்கே உரிய உதிரி பாகம் உங்க ஊர்ல கிடைக்குதான்னு முதல்ல விசாரிங்க.

யூசிஇ-லயும் வருஷம் பார்த்து எடுங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரானதுல ஏபிஎஸ் கட்டாயம் இருக்கும். என்னைக் கேட்டா, அதுக்காக பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும். பார்க்கப் போகும்போது, "இன்ஜினை சூடு பண்ணி வைக்காதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. குளிர்ந்த இன்ஜின்ல செல்ஃப் அடிச்சா கடகடன்னு சத்தம் வருதா, மோட்டார் சுத்தியும் இன்ஜின் சுத்தாம இருக்கான்னு பாருங்க. அப்படின்னா ஸ்ப்ராக் கிளட்ச் போயிருக்க வாய்ப்பு. இன்ஜினைத் திறக்கிற வேலை அது, செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

பேரம் பேச இன்னொரு பிடி: 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் புது வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிடுச்சு. வரியோட 128 ரூபாயா இருந்தது 118. புதுசு இறங்கினா பழசும் இறங்கணும் இல்லையா? விக்கிறவர் அதுக்கு முந்தைய விலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, இந்தக் கணக்கை அவர்கிட்ட சொல்லுங்க.

ஆர்சில பேங்க் பேர் இருந்தா, என்ஓசியும் ஃபார்ம் 35-ம் கைக்கு வர்ற வரைக்கும் ரெண்டாயிரத்துக்கு மேல அட்வான்ஸ் கொடுக்காதீங்க.