ஆறு நிமிடப் பாடமும் அருகில் ஓர் ஆசிரியரும்



குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில்தான் கல்லூரிகளும் திறக்கின்றன. ஐந்தருவிக்கு வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும் அதே நாட்களில், நம் பிள்ளைகள் பராசக்தி மகளிர் கல்லூரிக்கும் சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரிக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் பாடத் தளத்தில் படித்துக் கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்துவிட்டது. ஆகவே, இணையப் பாடத்தை எப்படி அமைப்பது என்பது இனி தென்காசி மாவட்டத்துக்கும் உரிய கேள்வி.

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல், இன்று ஸ்வயத்துக்கும் பாடங்கள் தரும் என்.பி.டெல் திட்டத்தைத் தொடங்கின. முதலில் கிடைத்த வீடியோக்கள் பெரும்பாலும் ஒரு மணி நேர விரிவுரைகள். யாரும் எப்போதும் பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் கேட்பாரில்லை. 2014இல் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தபோது 4, 8, 12 வாரம் என்று பாடத்தைப் பிரித்தார்கள். வாரம் ஓர் அசைன்மென்ட், அதற்கொரு கடைசித் தேதி, முடிவில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசித் தேதிதான். தனியாகப் படிப்பவரை அடுத்த வாரத்துக்கு நகர்த்துவது அதுதான்.

எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை 2014இல் ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர் கவனம் பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வெறும் ஸ்லைடுகளைவிட, ஆசிரியர் கையால் எழுதிக்கொண்டே விளக்கிய பாடங்களை மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள். ஸ்டுடியோ இல்லாத கல்லூரிக்கு இது நல்ல செய்தி. ஒரு வெள்ளைத்தாள், பேனா, மேலிருந்து பார்க்கும் போன் போதும். நடுநடுவே கேள்வியும் வேண்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் ஏராளம். மடியில் சுளகு, கையில் வெட்டிய இலை, சுவரில் சாய்த்து வைத்த போன். அந்த போனும் கல்லூரி போகும் பெண்ணுக்கும் அவள் தம்பிக்கும் பொது. ஐ.ஐ.டி. பேராசிரியர் எவ்வளவு அருமையாக நடத்தினாலும், மூன்றாம் வாரம் அவள் அசைன்மென்ட் அனுப்பாதது அவருக்குத் தெரியப்போவதில்லை. அவள் கல்லூரி ஆசிரியைக்குத்தான் தெரியும். “என்னம்மா, இந்த வாரம் அனுப்பலையே, எது புரியலை?” என்று கேட்க அவரால்தான் முடியும். என்.பி.டெல்லில் சேர்ந்த கல்லூரிகளில் உள்ளூர்க் கிளையும் அதற்குப் பொறுப்பாசிரியரும் இருப்பது இதனால்தான்.

அந்தப் பொறுப்பைக் கூடுதல் வேலையாகத் தலையில் கட்டாமல், வாரம் ஒரு மணி நேரமாவது கால அட்டவணையில் கல்லூரிகள் ஒதுக்கித் தர வேண்டும். அந்த ஒரு மணி நேரம் ஆய்வகக் கணினிகளும் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும்.

இப்படி நடத்தும் ஆசிரியர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறீர்கள். எந்தப் பாடம் மனதில் நின்றது, எங்கே பிள்ளைகள் விட்டுப் போனார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்