ஓர்கிட் கணக்கெடுப்புக்கு ஓராண்டு வேண்டும்

திருகோணமலையின் சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்க் குதங்களில் பெரும்பாலானவற்றைக் காடு சூழ்ந்துவிட்டது. 2022 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி அவற்றுள் 61 குதங்கள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்து அமைத்த நிறுவனத்தின் கைக்குப் போயின. திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் பேச்சு 2025இல் மேலும் சூடுபிடித்தது. எமது பிள்ளைகளுக்கு வேலை தரும் திட்டம் எதுவானாலும் வரட்டும். ஆனால் வீதிக்கும் குழாய்க்கும் மரம் வெட்டுமுன் அங்கே என்ன வளர்கிறது என்று பார்த்தாக வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு, அதிலும் ஓர்கிட் கணக்கெடுப்பு, எந்த மாதத்தில், எத்தனை நாள் நடக்கும் என்பதே என் கவலை.

ஓர்கிட் என்றதும் சிங்கராஜாதான் பலருக்கும் நினைவில் வரும். இலங்கையின் ஏறத்தாழ 190 இனங்களில் பெரும்பங்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வளர்வது உண்மையே. ஆனாலும் உலர்வலயக் காட்டுக்கென்றும் சில இனங்கள் உண்டு. வாண்டா டெசெலாட்டா அவற்றில் ஒன்று. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் அது மரப்பட்டையோடு ஒட்டி, உயிரற்றதுபோலக் கிடக்கும். வெண்சாம்பல் நிற வேரில் இரண்டு துளி நீர் விட்டால் சற்று நேரத்தில் பச்சை தெரியும்; நீரை உறிஞ்சிய வெளியுறை தெளிந்து, உள்ளிருக்கும் பச்சையத்தைக் காட்டுகிறது. மஞ்சட்பச்சைப் பூவில் கபில நிறக் கட்டங்கள், நடுவில் நீலஊதா உதடு, இதழின் பின்புறம் வெள்ளை. பூத்திருந்தால் யார் கண்ணிலும் படும். பூவில்லாத நாளில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது தென்படாது.

நிலத்தில் வளரும் ஹபெனேரியா ஓர்கிட்டுகளின் நிலை இன்னும் சிக்கலானது. வறட்சியில் இலையும் தண்டும் மடிந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் தங்கும். வடகீழ்ப் பருவமழை இறங்கிய பின்பே தளிர் எழும். ஜூலையில் இரண்டு வாரம் நடந்துவிட்டு ஓர்கிட் இல்லை என்று எழுதினால் அதில் பொய் இராது, பயனும் இராது. அந்த அறிக்கையை நம்பித்தான் இயந்திரம் காட்டுக்குள் இறங்கும்.

இருப்பதைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டால் போயிற்று என்பாரும் உண்டு. வளர்ந்த செடி பிழைக்கலாம். அடுத்த தலைமுறை? ஓர்கிட் விதை தூசு போன்றது. உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. தகுந்த பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும். அந்தப் பூஞ்சணத்தை யாரும் கூடையில் எடுத்துச் செல்வதில்லை.

தாவரவியலாருக்கு இந்த மண் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கு பணியாற்றிய கிளெனி பாதிரியார், தாம் சேகரித்த செடிகளைப் பேராதனையில் இருந்த தாவரவியலாளர் துவைற்சுக்கு அனுப்பினார். கிளெனியா என்ற மரப் பேரினம் அவர் பெயரைத் தாங்குகிறது. பேராதனைத் தாவரச் சேமிப்பகத்தின் பழைய தாள்களை முதலில் புரட்டிவிட்டுக் காட்டுக்குள் போனால், எதைத் தேடுகிறோம் என்றாவது தெரியும்.

துறைமுகத்துக்குள் இருக்கும் பெரிய, சிறிய சோபர் தீவுகள் 1963 முதல் சரணாலயங்கள். கடற்படைக் கட்டுப்பாடு அங்கே கோடரியைத் தடுத்தது, ஆய்வாளரையும் தடுத்தது. குதப் பகுதியின் நிலையும் ஏறத்தாழ அதுதான். பொறுப்பானவர்கள் மனது வைத்தால், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் துணையோடு உள்ளே அனுப்பலாம். கூடவே, மரமேறவும் காடறியவும் தெரிந்த கிராமத்தவருக்குக் கூலி கொடுத்து அழைக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் உச்சிக் கிளையை எட்டிப் பார்க்கப் போவது யார்?

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். இனப் பட்டியல் ஊருக்கெல்லாம் தெரியட்டும், செடி நிற்கும் இடம் வெளியே வரக்கூடாது. கைப்பேசிப் படத்துக்குள் இருக்கும் இடக்குறிப்பு ஒன்றே செடி திருடுபவருக்குப் போதும். அந்த விவரம் திணைக்களத்திலும் பேராதனையிலும் மட்டும் இருக்கட்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கச்சான் காலமும் முடிந்து அறிக்கை வெளிவரும்வரை, குதப் பகுதியில் மரம் வெட்ட மத்திய சுற்றாடல் அதிகாரசபை இணங்கக்கூடாது.