ஏரி நிறைந்தால் மட்டும் போதுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் நம் இரட்டை நகரங்களின் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும்: உஸ்மான் சாகர் நிரம்ப இன்னும் இத்தனை அடிதான் பாக்கி! உடனே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பேட்டைக்குக் கிளம்பிவிடுகிறோம். நிறைந்த ஏரியைப் பார்த்து மகிழ்வது நம்மவர்களுக்குப் பிறவிக்குணம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ரயில்வேயில் பாலங்களோடும் மழைவெள்ளத்தோடும் காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். வெள்ளத்தைத் தாங்குவதற்காகக் கட்டிய ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதே முக்கியம்.

இந்த ஏரி ஏன் வந்தது என்பதை நம் இளைய தலைமுறையினர் அறிய வேண்டும். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி கரைபுரண்டு ஹைதராபாத்தை அழித்தது. இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்பது மதிப்பீடு. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மேல் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் பிழைத்தார்கள். அந்த மரம் இன்றும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது.

அடுத்த ஆண்டு நிஜாம் அரசு சர் எம். விசுவேசுவரய்யாவை வரவழைத்தது. அவர் முதலில் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கணக்கெடுத்தார். அங்கிருந்த 788 ஏரிகளில் 221 உடைந்து, அந்த நீரும் சேர்ந்து நகரின் மீது பாய்ந்ததை எடுத்துக்காட்டினார். நகருக்கு மேலே அணை கட்டி வெள்ளத்தைத் தேக்கி, மெள்ள மெள்ள விடவேண்டும் என்பது அவர் யோசனை. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-லும், அதன் துணை நதியான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-லும் முடிந்தன. குடிநீரும் கிடைத்தது, கரையில் தோட்டமும் உல்லாசமும் வந்தன.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வெள்ளம் வந்தால், ஒரு டி.எம்.சி. காலியிடம் சுமார் 2 மணி 45 நிமிடத்தில் நிரம்பிவிடும். 1908-ல் நகரில் ஓடிய வெள்ளத்தின் உச்சம் 4,25,000 கன அடி என்று கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில் வந்தால் 40 நிமிடம்கூடத் தாங்காது! இரண்டு ஏரிகளும் சேர்ந்தே சுமார் 7 டி.எம்.சி.தான். விளிம்புவரை நிரப்பி வைத்துவிட்டு, பெருமழை வந்தபின் மதகைத் திறந்தால் அணை இருந்தும் பயன் கொஞ்சமே.

குடிநீருக்கு ஏரி நிறைய வேண்டும். படகு விடவும் நிறைய வேண்டும். வெள்ளத்துக்கு மட்டும் காலியாக வேண்டும். இந்த இழுபறியில் பெரும்பாலும் தோற்பது வெள்ளக் காப்புதான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்தபோது அடையாற்றங்கரையில் நம் உறவினர்கள் பட்ட பாடு மறந்திருக்காது.

இன்னொரு கவலை. ஏரிகளைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் 84 கிராமங்களில் பெரிய கட்டடங்களும் ஆலைகளும் கூடாது என்று 1996-ல் அரசாணை 111 தடுத்தது. 2022 ஏப்ரலில் அரசாணை 69 அந்தக் கட்டுப்பாடுகளை நீக்குவதாக அறிவித்தது. கிருஷ்ணா, கோதாவரி நீர் வந்தபின் நகரின் குடிநீரில் இந்த ஏரிகளின் பங்கு மிகக் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். குடிநீருக்கு மாற்று உண்டு, சரி. வெள்ளத்துக்கு மாற்று ஏரி எங்கே இருக்கிறது? மண்ணில் விழும் மழையில் ஒரு பகுதி உள்ளே இறங்கும். சிமெண்டில் விழுந்தால் அத்தனையும் ஓடிவரும், அதுவும் விரைவாக வரும்.

ரயில் பாலத்தின் தூணில் அதிகபட்ச வெள்ள மட்டத்தைக் கோடு போட்டு எழுதி வைப்போம். முப்பது வருடம் தண்ணீர் அங்கே எட்டவில்லை என்பதற்காக எவரும் அந்தக் கோட்டை அழிப்பதில்லை, கண்வழிகளை அடைப்பதும் இல்லை. ஆனால் ஊரில் என்ன செய்கிறோம்? அணை காப்பாற்றும் தைரியத்தில் ஆற்றுக்குள்ளேயே வீடு கட்டுகிறோம். 2020 அக்டோபரிலும் 2025 செப்டம்பரிலும் மூசி தன் பழைய வழியை நினைவூட்டியது. 2025-ல் மகாத்மா காந்தி பஸ் நிலையத்துக்குள்ளேயே நீர் புகுந்தது.

ஓய்வூதியப் பணத்தில் அந்தக் கிராமங்களில் மனை வாங்க யோசிக்கும் சங்க அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: விலையைக் கேட்குமுன் நீர் எந்த வழியாக ஏரிக்கு வருகிறது என்று கேளுங்கள். ஓடையை மறித்துப் போட்ட மனை சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம். மழைக்காலத்தில் ஏரியில் எவ்வளவு இடம் காலியாக வைக்கப்படும் என்பதை அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று நம் சங்கமும் ஒரு மனு கொடுக்கலாம். நாமும் இந்த ஊர் வாக்காளர்கள்தானே!

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. அணையைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதில் வெள்ளத்துக்கு இடம் விட்டுவைக்கவேண்டியது நம் பொறுப்பு.