மருந்தை வென்ற கிருமி

1928ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசு பெற்றபோது, அளவிற் குறைத்து உண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என எச்சரித்தார். அவ்வாறே நிகழ்ந்தது. வைத்தியசாலைகளிற் புண்ணைச் சீழ்கொள்ளச் செய்யும் ஸ்டபிலோகொக்கஸ் கிருமி பெனிசிலினுக்கு அடங்க மறுத்தது. அதனை அடக்க 1959இல் மெதிசிலின் ஆக்கப்பட்டது. 1961இலேயே அதனையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்திற் காணப்பட்டது.

மருந்துக்குப் பழகுவது நம் உடலன்று, கிருமியே என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். வலிய கிருமி தப்பிப் பிழைத்துப் பெருகுகின்றது; கைகளின் வழியே கட்டிலுக்குக் கட்டில் பரவுகின்றது.

ஆகவே நோயாளரைக் காணுமுன்னும் கண்டபின்னும் கைகளைக் கழுவுக. தடிமனுக்கு இம்மருந்துகள் பயன்படா. அவற்றை வைத்தியரிடம் வற்புறுத்திக் கேளாதிருப்போமாக. அவர் தந்தால், சொன்ன அளவு தவறாது உண்போமாக. இன்று வீணே விழுங்கிய குளிகை, நாளை நம் பிள்ளை உண்மையாகவே நோயுறும்போது உதவாது போகலாம்.